தெர்மல் போட்டும் குளிருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலை நடையில் தோலை ஒட்டிப் போடும் உள்ளாடையான தெர்மல் பற்றிய புகார் பெரும்பாலும் "போட்டும் குளிருது" என்று தொடங்கி, "இன்னும் கனமா ஒண்ணு எடுக்கணும்" என்று முடியும். முன்பாதி உண்மை. பின்பாதிதான் பர்ஸுக்கும் முதுகுக்கும் கேடு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறது. சுமையோடு மேடு ஏறும்போது அது ஐந்தாறு மடங்காகும். நடக்கிற உடம்பில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வருவது நின்ற பிறகு, அதுவும் துணி நனைந்திருந்தால். தெர்மலுக்குச் சூடு கொடுப்பது இரண்டாவது வேலை, தோலை உலர்வாக வைத்திருப்பது முதல் வேலை. அதனால் கீழே உள்ள எந்தக் கோளாறாக இருந்தாலும், துணி ஈரமா உலர்வா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கை வைத்துப் பார்க்கும் சோதனை

நின்றவுடன் பேக்கை இறக்குங்கள். கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சட்டைக்குள் விட்டு மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: நடு முதுகு, மார்பெலும்பு, அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம்.

முதுகு மட்டும் ஈரம் என்றால் கவலையில்லை. பேக் ஒட்டியிருக்கும் இடத்தில் காற்றே போகாது, அங்கே எந்தத் துணியும் நனையும். மார்பும் ஈரமாக இருந்தால் நடைக்குத் தேவையானதைவிட அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்றும் உலர்வாக இருந்தும் குளிர்ந்தால் காற்று உள்ளே புகுகிறது, அல்லது துணி போதவில்லை, அல்லது வயிறு காலி.

ஒரு நிலைமைக்கு மட்டும் இந்தக் கட்டுரை பயன்படாது. நடுக்கம் அடக்க முடியாமல் போகிறது, பேச்சு குழறுகிறது, விரல் ஜிப்பைப் பிடிக்க மறுக்கிறது, கால் தடுமாறுகிறது என்றால் உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். காற்றுப் படாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, பாய் விரித்து ஸ்லீப்பிங் பேகுக்குள் படுக்க வையுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் இனிப்பான பானம் கொடுங்கள். உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள். உடம்பு சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அதை நல்ல சேதி என்று நினைக்காதீர்கள். அதுதான் மோசமான கட்டம்.

"நடக்கும்போது வியர்க்குது, நின்னா பத்தே நிமிஷத்துல நடுங்குது"

எல்லாக் கோளாறுக்கும் தாய் இதுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். சட்டையில் 150 கிராம் தண்ணீர் தங்கியிருந்தால் அது முழுக்க உலர 3,60,000 ஜூல். உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணி நேரம் முழுதும் உண்டாக்கும் வெப்பம் அது. இதில் கொஞ்சம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் போகும் என்றாலும், பெரும்பங்கு கொடுப்பது தோல்தான். மேலே எவ்வளவு தடிமனான ஜாக்கெட் போட்டாலும் இந்தக் கடன் தீராமல் சூடு நிற்காது.

150 கிராம் என்பது மிகைப்படுத்தல் போலத் தோன்றினால் சமையலறைத் தராசில் சோதித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சட்டையை எடை போட்டு, வழக்கமான சுமையோடு ஒரு மணி நேரம் மேடு ஏறி, கழற்றி உடனே மறுபடி எடை போடுங்கள். கூடியிருப்பது முழுவதும் வியர்வை. அடுத்த முறை ஒரு அடுக்கு குறைத்துப் போட்டு அதே பாதையில் ஏறுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

சரி செய்யும் வரிசை:

1. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். முகாமில் இதமாக இருந்த ஜாக்கெட்டை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினால் முதல் மேட்டிலேயே சட்டை தொப்பலாகிவிடும். எதிர்க்காற்றோ மழையோ இல்லாத நாளில் தெர்மல், அதன் மேல் மெல்லிய காற்றுத் தடுப்பு, அவ்வளவு போதும்.

2. கிளம்பிய 10 முதல் 15 நிமிடத்தில் ஒருமுறை நின்று சரிசெய்யுங்கள். "அடுத்த வளைவுல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்குள் துணி நனைந்திருக்கும்.

3. வியர்வை அரும்புவதற்கு முன்பே திறக்கத் தொடங்குங்கள்: முதலில் தொப்பி, பிறகு கையுறை, பிறகு கழுத்து ஜிப், பிறகு முழங்கை வரை சட்டைக்கை. ஒவ்வொன்றும் நடந்தபடியே முடியும். தெர்மல் வாங்கும்போது கழுத்திலிருந்து மார்பு வரை இறங்கும் ஜிப் வைத்ததை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வட்டக் கழுத்துச் சட்டையில் திறக்க எதுவும் இல்லை.

4. வேகத்தைக் குறையுங்கள். காசு செலவில்லாத இந்தத் தீர்வை யாரும் கேட்பதில்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் வியர்வை கணிசமாகக் குறையும்.

5. நின்ற முதல் நிமிடத்திலேயே, குளிர் தெரிவதற்கு முன்பே, பஞ்சு அடைத்த ஜாக்கெட்டை இருக்கிற எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுங்கள். பேக்கில் அது மேலாக இருக்க வேண்டும், அடியில் புதைந்திருக்கக் கூடாது. கால் மணி நேர ஓய்வுக்குச் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அரை மணிக்கு மேல் என்றாலோ, அன்றைய நடை முடிந்துவிட்டது என்றாலோ, உலர்ந்த சட்டைக்கு மாறிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மார்பு நனைகிறது என்றால் துணியின் ரகத்தை மாற்றலாம். சிலருக்கு வியர்வை இயல்பிலேயே அதிகம். அவர்களுக்கு மெரினோ என்ற மென்மையான கம்பளியில் மெல்லிய 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) துணிகூட ஊறிப்போகும். உட்புறம் கட்டம் கட்டமாக மேடு பள்ளம் வைத்த மெல்லிய பாலியஸ்டர் அவர்களுக்குப் பொருந்தும். இன்னொன்று வலைத்துணி. மீன் வலை போலப் பெரிய பெரிய துளைகளோடு இருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் 1933இல் மீன் வலையிலிருந்தே இதன் முதல் வடிவத்தைச் செய்தார். துளைகளில் நிற்கும் காற்று வெதுவெதுப்பைக் காக்கும், வியர்வை அந்தத் துளைகள் வழியாகவே மேலடுக்குக்குப் போய்விடும், தோலில் ஈரத்துணி படுகிற பரப்பும் குறைவு. தனியாகப் போட்டால் பயனில்லை, மேலே ஒரு மெல்லிய சட்டை வேண்டும்.

பருத்தி பனியனைத் தெர்மலுக்கு உள்ளே போடும் வழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். தோலை ஒட்டிய அடுக்கே ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் மேலே உள்ள தெர்மலுக்கு வேலையே இல்லை.

"வியர்வை உறிஞ்சும்னு சொன்னாங்க, ஆனா ஒடம்புலயே ஒட்டுது"

மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலில் மேலடுக்கைப் பாருங்கள். ரெயின் ஜாக்கெட்டைக் கழுத்து வரை மூடிக்கொண்டு ஏறினால் தெர்மல் வெளியே தள்ளும் ஈரம் ஜாக்கெட்டின் உட்புறத்தில் படிந்து திரும்பி வரும். "மூச்சு விடும்" ஜாக்கெட்டுக்கும் அளவு உண்டு. மேடு ஏறும் வியர்வை அந்த அளவைத் தாண்டிவிடும். மழை இல்லையென்றால் கழற்றுங்கள், இருந்தால் அக்குள் ஜிப்பைத் திறங்கள்.

அடுத்தது அளவு. துணி தோலைத் தொட்டால்தான் ஈரத்தை இழுக்கும். தொளதொளவென்று இருந்தால் வியர்வை முதுகில் வழிந்து இடுப்பில் தேங்கும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. விலாப் பக்கம் இரண்டு விரலால் துணியைக் கிள்ளினால் 2 செ.மீ. அளவு மடிப்பு கையில் வர வேண்டும், விட்டதும் தோலில் போய்ப் படிய வேண்டும்.

மூன்றாவது, துவைத்த முறை. துணியை மென்மையாக்கும் திரவம் பாலியஸ்டர் இழையின் மேல் ஒரு படலம் போர்த்திவிடும். சட்டையை உட்புறம் வெளியே திருப்பி ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சில நொடியில் பரவி மறைந்தால் துணி நன்றாக இருக்கிறது. முத்துப் போல உருண்டு நின்றால் படலம்தான். 40 டிகிரி நீரில், வழக்கத்தைவிடக் குறைவான சோப்பில், மென்மையாக்கி இல்லாமல் இரண்டு முறை துவைத்து, கூடுதலாக ஒருமுறை அலசி, மறுபடி சொட்டு வையுங்கள். இந்தச் சோதனை பாலியஸ்டருக்கு மட்டும். கம்பளி இழையின் மேற்பரப்பு இயல்பாகவே தண்ணீரைத் தள்ளும், ஆவியாக இருக்கும் ஈரத்தைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் நல்ல மெரினோவிலும் சொட்டு கொஞ்ச நேரம் நிற்கலாம்.

"உலர்வாத்தான் இருக்கு, ஆனாலும் குளிருது"

கனமான தெர்மல் வாங்குவதற்கு முன் காற்றைச் சந்தேகியுங்கள். தெர்மல் துணி நெசவு இல்லை, பின்னல். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. காற்று நேராக உள்ளே போகும். 100 கிராம்கூட இல்லாத காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றை மேலே மாட்டினால் தெரியும் வித்தியாசம், 150 ஜிஎஸ்எம்மிலிருந்து 250 ஜிஎஸ்எம்முக்கு மாறினாலும் தெரியாது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 120 முதல் 160 வரை மெல்லியது, 180 முதல் 200 வரை நடுத்தரம், 230க்கு மேல் கனம். சுமை தூக்கி நடப்பதற்கு மெல்லியதே பெரும்பாலும் சரி. நடுத்தரம் மெதுவாக நடப்பவர்களுக்கும், எப்போதும் குளிர் தாங்காதவர்களுக்கும். கனமானதை முகாமில் உட்காரவும் தூங்கவும் வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் மேலே சொன்ன தாய்க் கோளாறுதான் வந்து நிற்கும். ஒரே கனமான துணிக்குப் பதில் மெல்லிய தெர்மலும் அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸும் (புசுபுசுவென்ற பாலியஸ்டர் சட்டை) இருந்தால் நடுவில் காற்றும் தங்கும், வேண்டாதபோது ஒன்றைக் கழற்றவும் முடியும்.

இறுக்கமும் ஒரு காரணம். விளையாட்டுக்கான இறுக்கிப் பிடிக்கும் சட்டையைச் சிலர் தெர்மலாகப் போடுகிறார்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அது ரத்த ஓட்டத்தை நெருக்கினால் விரல்கள்தான் முதலில் விறைக்கும்.

கால்களுக்குத் தெர்மல் வேண்டுமா? நடக்கும்போது பெரும்பாலும் வேண்டாம். வேலை செய்கிற தசை தானே சூடாக இருக்கும். போட்ட தெர்மலைக் கழற்ற ஷூவையும் அவிழ்க்க வேண்டும் என்பதால் யாரும் கழற்றுவதில்லை, வியர்த்து வழிந்தபடியே நடப்பார்கள். கடும் காற்றும் உறைபனியும் இருந்தால் தவிர, அதை முகாமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாத்தையும் போட்டுத்தான் படுத்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல"

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலில் களைய வேண்டும். ஸ்லீப்பிங் பேகில் அச்சிட்ட வெப்ப எண்ணைப் பார்த்து, "தெர்மல் போட்டா இன்னும் அஞ்சு டிகிரி தாங்கும்" என்று கணக்குப் போடுவார்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி அந்த எண்ணை அளக்கும்போதே, சூடேற்றிய பொம்மைக்கு முழுக்கைத் தெர்மல், முழுக்கால் தெர்மல், காலுறை எல்லாம் மாட்டி, அடியில் பாயும் விரித்துத்தான் அளக்கிறார்கள். உங்கள் தெர்மல் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. அதில் இரண்டு எண்கள் இருந்தால் இதமாகத் தூங்க வழிகாட்டும் 'கம்ஃபர்ட்' எண்ணையே நம்புங்கள். 'லிமிட்' என்பது சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கும் நிலை.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

போட்டிருப்பது பகலில் நடந்த அதே சட்டையா? தொட்டால் உலர்வாகத் தோன்றினாலும் அதில் ஈரமும் உப்பும் இருக்கும். இரவுக்கென்று ஒரு செட் தனியாக வேண்டும்: மேல், கீழ், காலுறை மூன்றும். நீர்புகாப் பையில் வைத்து, டெண்டுக்குள் வந்த பிறகே திறக்க வேண்டும். நாளை காலை அதைப் போட்டு நடக்க ஆசை வரும். கூடாது. எவ்வளவு மோசமான மழை நாளின் முடிவிலும் உலர்ந்த ஒரு செட் பையில் இருக்கிறது என்பதுதான் அதன் மதிப்பே.

கீழிருந்து குளிர் ஏறுகிறதா? ஒருக்களித்துப் படுத்ததும் இடுப்பும் தோளும் சில்லென்று இருந்தால் குற்றவாளி பாய். உடல் எடையில் நசுங்கிய பஞ்சும் தெர்மலும் தரைக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது. இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) 4 அளவிலாவது பாய் வேண்டும்.

அடுக்கடுக்காகப் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்குள் திணித்துக்கொண்டீர்களா? உள்ளே புஸ்ஸென்று விரிய வேண்டிய பஞ்சு நசுங்கினால் காப்பு குறையும். தெர்மலோடு படுத்து, பஞ்சு ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொள்வது பல நேரங்களில் மேல்.

உள்ளே போகும்போதே குளிர்ந்து போயிருந்தீர்களா? ஸ்லீப்பிங் பேகுக்குச் சொந்தச் சூடு கிடையாது. படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டு, வியர்க்காத அளவுக்கு இருபது முப்பது முறை உட்கார்ந்து எழுந்து, பிறகு நுழையுங்கள். நடுஇரவில் சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். முழித்துக்கொண்டே நடுங்குவதைவிட இரண்டு நிமிடம் வெளியே போய்வருவது லாபம்.

நனைந்த தெர்மலை உள்ளே வைத்து உடற்சூட்டில் உலர்த்தும் பழக்கம் பற்றி: லேசான ஈரம் என்றால் சரி. சொட்டச் சொட்ட நனைந்ததை இறகுப் பஞ்சு வைத்த ஸ்லீப்பிங் பேகுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்த ஈரம் இறகுக்குள் இறங்கி, உப்பலைக் கெடுத்து, மறுநாள் இரவையும் கெடுக்கும்.

"அரிக்குது"

குத்துவது போன்ற அரிப்பா, சிவந்த தடிப்பா என்று பிரியுங்கள். குத்தல் என்றால் இழைத் தடிமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த கம்பளி இழை வளைந்து கொடுக்காமல் தோலைக் குத்தும். தெர்மலுக்கு வரும் மெரினோ சராசரியாக 17 முதல் 19.5 மைக்ரான், தோல் மெல்லியவர்கள் 17.5ஐயும் அதற்குக் கீழேயும் தேட வேண்டும். சிவந்த தடிப்பு என்றால் சோப்பு சரியாக அலசப்படாமல் இருக்கலாம். கூடுதலாக இரண்டு முறை அலசிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் கம்பளியை விட்டுப் பாலியஸ்டருக்கு மாறுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

"தோள்லயும் இடுப்புலயும் உரசிப் புண்ணாகுது"

உரசும் இடத்தில் தையல் இருக்கும். சட்டையைப் போட்டு, பேக்கையும் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பாருங்கள்: தோள் தையல் வாருக்கு நேர் கீழே வருகிறதா? நல்ல தெர்மலில் அது முன்னோ பின்னோ தள்ளியிருக்கும், தட்டையாகவும் தைத்திருக்கும். அடுத்து, சட்டையின் நீளம் இடுப்புப் பட்டையைத் தாண்டி ஒரு சாணாவது இறங்க வேண்டும். கட்டையான சட்டை மேலே சுருண்டு, சரியாகப் பட்டைக்கு அடியில் கயிறு போல நிற்கும். இன்னொரு காரணம் உப்பு. நாலாம் நாள் சட்டையில் காய்ந்த வியர்வை உப்புத்தாள் போல உரசும், நல்ல தண்ணீரில் அலசினாலே பாதி தீரும். தொடை உரசலுக்கு பெட்ரோலியம் ஜெல்லி உதவும், ஆனால் பாலியஸ்டரில் பட்டால் அந்த இடம் ஈரம் இழுப்பதை நிறுத்திவிடும்.

"ரெண்டே நாள்ல நாறுது"

பாலியஸ்டரின் பிறவிக் குணம். உடலின் எண்ணெய்ப் பசை அந்த இழையில் ஒட்டிக்கொள்ளும், துவைத்த பிறகும் நடக்க ஆரம்பித்ததும் மணம் திரும்பும். ஆக்சிஜன் வகை வெளுப்பான் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துவைத்தால் குறையும். இதைக் கம்பளிக்குச் செய்யாதீர்கள். பல நாள் நடையில் ஒரே சட்டை என்றால் மெரினோவுக்கே ஓட்டு.

"ஓட்டை விழுது, சுருங்குது"

மெல்லிய மெரினோவில் முதல் ஓட்டை இடுப்புப் பட்டை உரசும் இடத்தில் விழும். நைலான் இழையைச் சுற்றி மெரினோ நூற்ற துணி கூடுதலாக உழைக்கும். ஓட்டை மிளகளவு இருக்கும்போதே நாலு தையல் போட்டுவிடுங்கள். பின்னல் துணியில் அறுந்த கண்ணி அடுத்த கண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும்.

பட்டை உரசாத இடத்தில், பெட்டியில் வைத்து எடுத்தபோது ஓட்டைகள் இருந்தால் அது அந்துப் பூச்சியின் புழு. அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளியை அது விரும்பித் தின்னும். துவைத்து, காற்றுப் புகாத உறையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி உறைவிப்பானில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வைத்தெடுங்கள்.

சுருங்கியது என்றால் சூடும் குலுக்கலும். 30 டிகிரி, கம்பளிக்கான சோப்பு, முறுக்காமல் பிழிவது, படுக்கப் போட்டு உலர்த்துவது. என்ஸைம் சேர்த்த சோப்புத்தூள் புரதக் கறையைத் தின்பதற்காகச் செய்தது. கம்பளியும் புரதம்தான்.

"காலையில இன்னும் காயவே இல்ல"

ஈரத்தைப் பிழிந்து எடுப்பதே பாதி உலர்த்தல். உலர்ந்த துண்டை விரித்து, அதன் மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். துண்டு கனத்துப் போவது கையிலேயே தெரியும். பிறகு டெண்டுக்கு வெளியே, காற்று வரும் திசையில் தொங்கவிடுங்கள். டெண்டுக்குள் தொங்கவிட்டால் அதே ஈரம் கூரையில் படிந்து உங்கள் மேலேயே சொட்டும். நெருப்பருகே பாலியஸ்டரைக் கொண்டுபோக வேண்டாம். ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டையாகும், உடம்பில் இருந்தால் தோலோடு ஒட்டும்.

ராத்திரி உறைபனி விழும் என்றால் லேசான ஈரமுள்ள சட்டையை நீர்புகாப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேகின் கால்மாட்டில் வையுங்கள். காயாது, ஆனால் பலகை போல விறைத்தும் போகாது. காலையில் முகாமைக் கலைத்து, பேக் கட்டி, ஷூ நாடாவும் முடிந்த பிறகு, கடைசி வேலையாக இரவுச் செட்டைக் கழற்றி அந்த ஈரச் சட்டையை மாட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். உடனே மேடு ஏறும் பாதையாக இருந்தால் கால் மணியில் அது உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். இறக்கமாகவோ, காற்று அடிக்கும் முகடாகவோ இருந்தால் மேலே காற்றுத் தடுப்பை மாட்டாமல் கிளம்பாதீர்கள்.